ராஜி என்றால் சமாதானம் இல்லை: நோயோடு வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தமிழக எல்லையை ஒட்டிய வேலந்தாவளத்திலிருந்து கேரளத்தின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு, காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். முடக்குவாதம் வந்த புதிதில் விடியற்காலையில் தூக்குவாளி மூடியைத் திறக்கக்கூட விரல் மடங்காது. வெந்நீரில் கையை அமிழ்த்தி ஒரு மணி நேரம் போனால்தான் ஸ்பேனர் பிடிக்க வரும். சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லவில்லை. வயிற்றுவலி, மச்சினன் வீட்டு விசேஷம் என்று மாதம் நாலு லீவு போட்டேன். எட்டு மாதத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கியாயிற்று.

நோயின் பெயரை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். எந்த நேரத்தில் எந்த வேலை முடியாது என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள். முடக்குவாதத்தில் விறைப்பு காலையில்தான் அதிகம். மருத்துவர் சீட்டை இணைத்து "இரண்டாம் ஷிப்ட் வேண்டும்" என்று கேட்டேன். ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். "உடம்பு முடியவில்லை, பார்த்துச் செய்யுங்கள்" என்றால் சூப்பர்வைசர்தான் என்ன செய்வார்?

அடுத்தது எல்லையோரக்காரர்களின் தவறு. உடம்புக்கு என்றால் நம் கால் தானாகக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிடும். அங்கே தனியார் மருத்துவரிடம் வாங்கிய சான்றிதழைக் கம்பெனியில் கொடுத்தேன். லீவு கிடைத்தது, சம்பளம் போயிற்று. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவரிடம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காக 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் வரும். காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு 80 சதவீதம். இரண்டு வருடம் வரைகூட நீளும். உங்கள் நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இந்தப் பணம் கிடைக்க ஒரு கணக்கும் உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற ஒவ்வோர் அரையாண்டிலும் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 76-இல் நின்றார். சம்பளமில்லா லீவு போடும்முன் விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

மருந்து விஷயம் சுருக்கமாக: முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான். தினமும் விழுங்கினால் ஆபத்து. எனக்கு மறுநாள் குமட்டும் என்பதால், மருத்துவரிடம் கேட்டுச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைசித் தவறு, படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவது. அதற்கு மாற்று மருந்தே இல்லை. நாம் மலையாளம் சரளமாகப் பேசுவோம், பலருக்குப் படிக்க வராது. சர்க்கரை நோயால் காலில் புண் வந்து படுத்திருந்த நண்பரிடம் ஒருவர் காகிதத்தை நீட்டி "ராஜி" என்றாராம். தமிழில் ராஜி என்றால் சமாதானம். பேசித் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பேனாவைக் கேட்டிருக்கிறார். மலையாளத்தில் ராஜி என்றால் பதவி விலகல். மலையாளப் பள்ளியில் எட்டாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்து வாசித்ததால் தப்பினார்.

படிக்கத் தெரியாத காகிதத்தை "நாளைக்குத் தருகிறேன்" என்று வீட்டுக்கு வாங்கி வந்துவிடுங்கள். தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதவும் மலையாளம் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். நண்பர் அப்படித்தான் எழுதினார், மகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளில்.