ரேஷன் பொருள் வரவில்லையா? தடங்கல் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

ரேஷன் கடையில் பொருள் கிடைக்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குபவர் விற்பனையாளர்தான். சில சமயம் அவருக்கு அது தேவையும்கூட. ஆனால் தடங்கல் பெரும்பாலும் வேறெங்காவது இருக்கும்: குடோனில், உங்கள் ஆதாரில், அல்லது நீங்கள் எப்போதோ கைவிட்ட பழைய செல்போன் நம்பரில். எங்கே என்று தெரியாமல் சண்டை போட்டால் அடுத்த மாதமும் அதே வரிசையில் நின்று அதே சண்டையைத்தான் போட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் அட்டையும், அட்டையோடு இணைத்த நம்பர் உள்ள போனும் இருந்தால் போதும்.

படி 1: உங்கள் அட்டை எந்த வகை?

2017-இல் பழைய புத்தகத்துக்குப் பதிலாக வந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். ஆனாலும் தமிழ்நாட்டில் இந்த அட்டைக்கும் அரிசி உண்டு, அதுவும் 2011 ஜூன் முதல் இலவசம்.

கவனிக்க வேண்டியது கடைசி எழுத்து. என்.பி.எச்.எச். பக்கத்தில் 'எஸ்' இருந்தால் அது சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. 'என்.சி.' என்று இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது. விண்ணப்பிக்கும்போது "அட்டை இருந்தால் போதும், பொருள் யாருக்கு வேண்டும்" என்று டிக் அடித்துவிட்டு, பிறகு மறந்துபோனவர்கள் நிறைய. அப்படியென்றால் உங்களுக்கு எதுவும் தாமதமாகவில்லை. அட்டை வகையை மாற்றித் தரச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

படி 2: கடைக்குச் சரக்கு வந்ததா?

வீட்டிலிருந்தே பார்க்கலாம். அட்டையோடு இணைந்த போனிலிருந்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி.டி.எஸ். என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு 101 என்று போட்டு 9773904050 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். உங்கள் கடையின் இருப்பு விவரம் வரும். 101-க்குப் பதில் 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். பகுதிநேரக் கடை உள்ள கிராமங்களில் இந்த 102 வீண் நடையை மிச்சமாக்கும். அங்கே வாரத்தில் சில நாள்தான் கடை.

இருப்பு இல்லை என்று வந்தால், எந்தப் பொருள் இல்லை என்று பாருங்கள். அரிசி பெரும்பாலும் மத்திய அரசின் தானியக் கையிருப்பான மத்தியத் தொகுப்பிலிருந்து வந்து, நுகர்பொருள் வாணிபக் கழகக் குடோன் வழியாகக் கடைக்குப் போகிறது. லோடு இரண்டு நாள் தள்ளிப்போகுமே தவிர, அரிசி அடியோடு இல்லாமல் போவது அபூர்வம். துவரம்பருப்பும் பாமாயிலும் அப்படி இல்லை. இவற்றை மாநில அரசு டெண்டர் விட்டு வெளியில் வாங்கி, பருப்பைக் கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயிலை லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறது. டெண்டர் இழுத்தால் மாநிலம் முழுக்கவே பருப்பு இருக்காது. 2024 மே மாதம் அதுதான் நடந்தது. மே மாதப் பருப்பையும் எண்ணெயையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது.

அப்படி அறிவிப்பு வந்தால்தான் அடுத்த மாதம் கிடைக்கும் என்பதை மனதில் வையுங்கள். மற்றபடி அந்த மாத ஒதுக்கீடு அந்த மாதத்தோடு போயிற்று. "போன மாசத்து அரிசியையும் சேர்த்துக் குடுங்க" என்றால் மெஷின் பில் போடாது. அதனால் 28-ஆம் தேதி வரை காத்திருக்காமல் மாத நடுவிலேயே போய்விடுவது நல்லது.

இன்னொன்று, இருப்பு இருந்தும் "உப்பும் டீத்தூளும் வாங்கினால்தான் பருப்பு" என்று சில கடைகளில் சொல்வார்கள். அப்படி ஒரு விதியும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் பொருளைக் கேளுங்கள்.

படி 3: மெஷின் உங்களை ஏற்கிறதா?

2020 அக்டோபரிலிருந்து கடைகளில் கைரேகை வைத்துத்தான் பில். அதிகம் பேர் வெறுங்கையோடு திரும்புவது இந்த இடத்தில்தான். கொத்தனார், சித்தாள், சலவைத் தொழிலாளி, பாத்திரம் தேய்ப்பவர், வயதானவர் என்று இவர்களின் விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள். வரிசையாக இதைச் செய்து பாருங்கள்.

முதலில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு மற்ற விரல்களை வையுங்கள். கட்டை விரல்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பத்தில் ஏதாவது ஒன்று பதிந்தால் போதும். அதுவும் விழவில்லையென்றால் அட்டையில் பெயர் உள்ள வேறு யாராவது வைக்கலாம். குடும்பத் தலைவிதான் வர வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை வந்து விரல் வைத்தாலும் பில் விழும். கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடையென்றால் அதைக் கேளுங்கள்.

எல்லா விரலும் மாதாமாதம் தகராறு செய்தால், ஆதார் மையத்துக்குப் போய்க் கைரேகையைப் புதுப்பிப்பதுதான் வழி. பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் இதை எப்படியும் செய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் கடையில் அவர்கள் ரேகையும் ஒத்துப்போகாது.

படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக வாழும் முதியவர் தமக்குப் பதிலாக வாங்கிவர ஒருவரை நியமிக்கலாம். அதற்கான படிவம் கடையிலேயே கிடைக்கும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்க 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. உங்கள் பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

சர்வர் இல்லை என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கூட்டம் குறைந்த பிற்பகலில் போய்ப் பாருங்கள்.

படி 4: பொருள் வந்தது, ஆனால் அளவு குறைந்திருக்கிறது

பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் பயனாளர் நுழைவு என்ற இடத்தில் போன் நம்பரைப் போட்டு, வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால் குடும்ப உறுப்பினர் பட்டியல் திறக்கும். பெயர்களை எண்ணுங்கள். மகள் கல்யாணமாகிப் போய்ப் புது அட்டையில் சேர்ந்திருந்தால் இங்கே பெயர் இருக்காது. அது சரிதான். இருக்க வேண்டிய பெயர் காணோம் என்றால், அல்லது குழந்தை வளர்ந்தும் குழந்தைக் கணக்கிலேயே இருந்தால், அதே தளத்திலோ இ-சேவை மையத்திலோ திருத்தம் கொடுங்கள்.

முன்னுரிமை அட்டைக்காரர்களுக்கும் அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கும் இன்னொரு வேலை உண்டு. அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் கடை மெஷினில் ஒரு தடவை விரல் வைத்து, தாங்கள் இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். கே.ஒய்.சி. என்று சொல்வது இதைத்தான். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வந்தால் அவரைக் கையோடு கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் இருக்கும் ஊர்க் கடையிலும் முடித்துவிடலாம்.

வெளியூர் என்றதும் ஒரு விஷயம். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம். பெங்களூரிலோ கேரளத்திலோ இருந்தால் முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகள் மட்டும் செல்லும், அதுவும் தானியத்துக்கு மட்டும். பருப்பு, சர்க்கரையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

படி 5: வாங்காமலே "வாங்கினீர்கள்" என்று எஸ்.எம்.எஸ். வந்தால்

மேலே உள்ளதெல்லாம் தாமதம். இது திருட்டு. கடைப்பக்கமே போகாத நாளில் அரிசி 20 கிலோ, சர்க்கரை 2 கிலோ என்று போனில் செய்தி வந்து நிற்கும். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. இன்னும் பாதிப் பேருக்கு நம்பர் மாறிப்போனதால் செய்தியே வருவதில்லை. உங்கள் நம்பர் மாறியிருந்தால் இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். கைரேகை வந்த பிறகு இந்தப் போலி பில் குறைந்தது உண்மை. ஆனால் விரல் வைத்த பிறகு, பாமாயில் வாங்காதவருக்கும் சேர்த்து பில் போட்டுவிடுவது இன்னும் நடக்கிறது. அதனால் கடையை விட்டு இறங்குமுன் செய்தியில் உள்ள அளவையும் பையில் உள்ளதையும் ஒப்பிடுங்கள்.

ஒத்துப்போகவில்லையென்றால் அங்கேயே கேளுங்கள். தவறுதலாக அழுத்தியிருந்தால் அப்போதே தீர்ந்துவிடும். மழுப்பினால் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அதே 9773904050 எண்ணுக்கு பி.டி.எஸ். 107 என்று அனுப்புங்கள். பில் தவறு என்று பதிவு செய்வதற்கான எண் அது.

படி 6: புகார் எங்கே, எப்படி?

1967 அல்லது 18004255901, இரண்டும் கட்டணமில்லா எண்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரில் என்றால் தாலுகாவில் வட்ட வழங்கல் அலுவலர், சென்னையில் மண்டல உதவி ஆணையர். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்த்தல், நீக்கல், நம்பர் மாற்றம் போன்றவற்றுக்கு அதுதான் தோதான இடம். அதிலும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்டக் குறைதீர் அலுவலரும் அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் உண்டு.

மனுவில் கதை வேண்டாம். கீழே உள்ள அளவு போதும்:

"என் அட்டை எண் ____, கடை எண் ____. இந்த மாதம் ____ தேதி துவரம்பருப்பு 1 கிலோ நான் வாங்கியதாக எஸ்.எம்.எஸ். வந்தது. அன்று நான் அந்தப் பொருளைப் பெறவில்லை. கடையில் கேட்டதற்குக் கிடைத்த பதில்: ____. 1967-இல் பதிந்த புகார் எண் ____. பொருளை வழங்கவும் பில்லைச் சரிபார்க்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

ஸ்கிரீன்ஷாட்டையும் அட்டை நகலையும் பின்னால் வைத்து இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.