லென்ஸ் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

பழைய ஃபிலிம் கேமராக்களையும் அவற்றின் உதிரிகளையும் இணைய ஏலத்தில் விற்பது என் பிழைப்பு. என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் ஓடாதவை. ‘ஷட்டர் இயங்கவில்லை, உதிரிக்கு மட்டும்’ என்று எழுதித்தான் ஏலத்தில் விடுவேன். அப்படி விட்ட ஒன்று, நன்றாக ஓடும் கேமராவின் விலைக்குப் போய் முடிந்தால் மனம் ஒரு நிமிடம் குதிக்கும். மறு நிமிடம் வயிற்றைப் பிசையும். படிக்காமல் வாங்கிவிட்டாரோ?

அந்தச் சந்தேகம் வந்தவுடன் வாங்கியவருக்கு எழுத உட்காராதீர்கள். முதலில் உங்கள் அறிவிப்பையே யாரோ எழுதியதைப் போல, கைப்பேசியில் திறந்து பாருங்கள். அங்கே கண்ணில் படுவது முதல் படமும் தலைப்பும்தான். விவரம் கீழே எங்கோ கிடக்கும். ஒருமுறை ஒரு கேமராவை ‘பாடி மட்டும்’ என்று விற்றேன். முதல் படத்தில் அதன்மேல் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. லென்ஸ் இல்லாமல் பொக்கை வாயாகத் தெரிகிறதே என்று நானே மாட்டி எடுத்த படம். லென்ஸ் சேராது என்று எழுதியிருந்தேன், ஏழாவது வரியில். வாங்கியவர் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அடுத்து, யார் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். இதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் ஏலம் கேட்பவர் தன் உச்சவரம்பைப் பதிந்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் சார்பில் தளமே படிப்படியாக விலையை ஏற்றுகிறது. அதனால் முடிவில் நிற்கும் விலை, பொதுவாக இரண்டாவதாக வந்தவரின் உச்சவரம்புக்கு ஒரு படி மேலே இருக்கும். வென்றவர் எவ்வளவு வரை போகத் தயாராக இருந்தார் என்பது அதில் தெரியாது. ஒரே ஒருவர் மட்டும் ஏமாந்து பெரிய தொகை பதிந்திருந்தால் விலை இவ்வளவு ஏறியிருக்காது. ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். ஆக, விலை எகிறியிருந்தால் இரண்டு பேர் ஒரே மாதிரி தவறாகப் படித்திருக்கலாம். அப்படியானால் கோளாறு அவர்கள் கண்ணில் இல்லை, என் எழுத்தில். அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஓர் அருமை அந்தப் பொருளில் இருக்கிறது, அதுவும் நடக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. வென்றவர் பின்வாங்கினால், இரண்டாவதாக வந்தவருக்கு அவர் கேட்ட விலைக்கே தரும் வசதி ஈபேயில் உண்டு. பரபரவென்று அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலாமவர் தவறாகப் படித்துத்தான் பின்வாங்கினார் என்றால், இரண்டாமவரும் அதே குழியில்தான் நிற்கிறார்.

விலையை மட்டும் வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். எனக்குப் பெரிய அடையாளம், அவர்கள் கேட்கும் கேள்விதான். ஓடாத கேமராவுக்கு ‘பேட்டரி சேர்த்துத் தருவீர்களா?’ என்று கேட்டால் மணி அடித்துவிட்டது. கேனனின் பழைய எஃப்டி வகை லென்ஸை வாங்கியவர், ‘என் ஈஎஃப் டிஜிட்டல் கேமராவில் மாட்ட இணைப்பு வளையம் ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்டார். ஈஎஃப் என்பது கேனனின் பிந்தைய வகை. வெறும் வளையம் உதவாது. கேமராவில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும், ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே எஃப்டியில் 42 மி.மீ., ஈஎஃப்பில் 44 மி.மீ. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தால், உள்ளே கண்ணாடி வில்லை இல்லாத வளையத்தைப் போட்டால் தூரத்துக் காட்சி குவியாது. அறிவிப்பில் ‘எஃப்டி’ என்று எழுதியிருந்தேன். எனக்கு அது போதும். அவருக்கு அது வெறும் இரண்டு எழுத்து. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே இப்படிக் கேள்வி வந்தால், கேட்டவருக்கு மட்டும் பதில் எழுதி நிறுத்தாமல் அறிவிப்பிலும் சேருங்கள். ஈபேயில் யாராவது ஏலம் கேட்டுவிட்ட பிறகு பழைய வாசகத்தை மாற்ற முடியாவிட்டாலும் விவரத்தோடு புதிதாகச் சேர்க்க இடம் உண்டு.

இனி, எழுதுவது எப்படி? ‘விவரத்தைப் படித்தீர்களா?’ என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. எதிரில் இருப்பவரை மடையர் என்று சொல்வதற்குச் சமம். ‘லென்ஸ் இல்லை என்பது உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேட்பதும் அரைகுறைதான். அறிவிப்பையே படிக்காதவர் உங்கள் கடிதத்தை மட்டும் படிப்பாரா? ‘சம்மதம், சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று ஒற்றை வரி வரும். நான் இப்படி எழுதுகிறேன்:

‘ஏலத்தில் வென்றதற்கு வாழ்த்து. நாளை கட்டி அனுப்ப வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்: இந்தக் கேமராவின் ஷட்டர் இயங்காது, இதை வைத்துப் படம் எடுக்க முடியாது. என் முதல் படத்தைப் பார்த்தால் நல்ல நிலையில் இருப்பதுபோலத் தோன்றலாம். அது என் குறைதான். இதை எதற்காக வாங்கியிருக்கிறீர்கள் என்று சொன்னால் அதற்கேற்றபடி கட்டுகிறேன். நீங்கள் நினைத்தது வேறு என்றால் தயங்காமல் சொல்லுங்கள், ரத்து செய்துவிடலாம்.’

இதில் உயிர், ‘எதற்காக’ என்ற கேள்வி. அதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட முடியாது. ‘என் மகள் புகைப்படம் கற்றுக்கொள்ள’ என்று வந்தால் பார்சலைப் பிரித்துவிடலாம். ‘மேல்தகடு வேண்டும்’ என்று வந்தால் நிம்மதியாகக் கட்டலாம். துருவிக் கேட்பதுபோல் இருக்குமே என்று ஆரம்பத்தில் கூசினேன். கட்டுவதற்காகக் கேட்கிறேன் என்ற காரணத்தைச் சேர்த்த பிறகு யாரும் முகம் சுளித்ததில்லை.

தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். தனி மின்னஞ்சல் வேண்டாம். பின்னால் தகராறு வந்தால் தளம் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். பதில் வராவிட்டால் ஒரு நாள் பொறுங்கள், ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். அனுப்புவதாக ஒப்புக்கொண்ட கெடுவைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். குறைகள் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுங்கள்.

அவர் ‘ஐயோ, கவனிக்கவில்லை’ என்றால்? ரத்து செய்யுங்கள். ஆனால் ரத்துக்கான கோரிக்கை அவரிடமிருந்து, எழுத்தில் வரட்டும். ஈபேயில் வாங்குபவர் கேட்டதால் ரத்து என்பது ஒரு கணக்கு; பொருள் கைவசம் இல்லை என்று விற்பவரே ரத்து செய்வது வேறு கணக்கு. இரண்டாவது உங்கள் பெயரில் குறையாக ஏறும். அவர் கேட்காமலேயே கேட்டார் என்று நீங்களாகக் குறித்துவிடவும் கூடாது. பணம் செலுத்தாமல் மௌனமாக இருப்பவரென்றால் 4 நாள் கழித்து, பணம் வரவில்லை என்ற காரணத்தோடு ரத்து செய்ய அங்கே வழி இருக்கிறது.

வேறு எங்கோ மலிவாகக் கிடைத்துவிட்டதால், ‘தவறாகப் படித்துவிட்டேன்’ என்று கதை விடுபவர்களும் உண்டு. அவர்களையும் விட்டுவிடுகிறேன். விருப்பமில்லாதவர் கைக்குப் போன பார்சல் திரும்பி வரும், வரும்போது ஒரு கீறலோடு வரும். 2008 முதல் ஈபேயில் விற்பவர், வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து எழுத முடியாது. எனவே வீம்பு பிடித்து வெல்ல அங்கே எதுவும் இல்லை.

எழுதிப் போட்டாயிற்று, படிக்காதது அவர் பாடு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். இங்கிலாந்தில் 1871இல் ஸ்மித் எதிர் ஹியூஸ் என்று ஒரு வழக்கு. பந்தயக் குதிரைகளைப் பழக்கும் ஒருவர் ஓட்ஸ் வாங்கினார். மாதிரியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வந்தது புது விளைச்சல். அவருக்கு வேண்டியது பழையது. வாங்குபவர் தாமாக ஏமாந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு விற்பவர் சும்மா இருந்தார் என்பதற்காக மட்டும் வியாபாரம் செல்லாமல் போகாது என்றது நீதிமன்றம். பழையது என்றே விற்பவர் வாக்குக் கொடுப்பதாக வாங்குபவர் நம்பி, அந்த நம்பிக்கை விற்பவருக்கும் தெரிந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னது. குறையை அறிவிப்பில் எழுதிவைத்த எனக்கு மௌனம் குற்றமாகாது போலிருக்கிறது. ஆனால் ஏலத் தளங்கள், ‘பொருள் விவரத்துக்கு ஒத்துவரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் வாங்குபவர் பக்கமே சாய்கின்றன. சட்டத்தில் ஜெயித்து, திரும்பும் பார்சலுக்கு அஞ்சல் கட்டணம் கட்டுவது எனக்குக் கட்டுப்படியாகாது.

‘குறையைக் கவனித்தீர்களா?’ என்று வாங்கியவரிடம் கேட்ட முதல் ஆள் நானில்லை. ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிடியார், 1995இல் அந்தத் தளத்தில் முதலில் விற்றது உடைந்துபோன தமது லேசர் சுட்டி ஒன்று. 14.83 டாலருக்குப் போனது. அது உடைந்தது என்று தெரியுமா என்று அவர் வாங்கியவருக்கு எழுதிக் கேட்டார். தாம் உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பவர் என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று வந்தது. ஷட்டர் செத்த, கண்ணாடியெல்லாம் பூஞ்சை பிடித்த ஒரு கேமரா. நல்ல விலைக்குப் போயிருந்தது. வழக்கம்போல எழுதினேன். ‘ஃபிலிமைச் சுற்றிவிடும் கைப்பிடியின் நுனியில் ஒரு சின்ன திருகு இருக்கிறதே, அது மட்டும் போதும்; என்னுடையது தொலைந்துவிட்டது’ என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன், திருகு தளர்ந்திருந்தது. கழற்றிச் சின்ன உறையில் போட்டு, கேமராவின் பின்கதவுக்குள் ஒட்டி, எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மேலே வைத்துக் கட்டினேன்.