பிடித்த சூரை எந்தக் கடலில் பிறந்தது: தூண்டில்காரர் செய்ய வேண்டியவை

வட கரோலினாவின் ஹட்டெராஸ் முனைக்கு அப்பால் குளிர்காலத்தில் தூண்டிலில் சிக்கும் அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை, மெக்சிகோ வளைகுடாவில் பிறந்த மீனாகவும் இருக்கலாம். பெருங்கடலைக் கடந்து வந்த மத்தியதரைக் கடல் மீனாகவும் இருக்கலாம். இரண்டு கூட்டங்களும் முட்டையிடப் பெரும்பாலும் தத்தம் கடலுக்கே திரும்புகின்றன. இரை தேடும் இடங்களில் கலந்து திரிகின்றன. அட்லாண்டிக் சூரைகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1981 முதல் மேற்கு 45 பாகைத் தீர்க்கக்கோட்டை எல்லையாக வைத்து இவற்றைத் தனித்தனியே நிர்வகித்து வந்தது. ஆனால் எண்ணுள்ள அடையாளக் குறி பொருத்தி விடப்பட்ட மீன்கள் அந்த எல்லையை இரு திசையிலும் கடந்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே ஒரு கரையில் பிடிபடும் மீனின் கணக்கு, மறுகரையின் இருப்பையும் பொறுத்தது.

உருவத்தைப் பார்த்துப் பிறப்பிடத்தைச் சொல்ல இயலாது. அதற்கான சான்று தலைக்குள் இருக்கும் செவிக்கல்லில் உள்ளது. மீன் வளர வளர இக்கல் அடுக்கடுக்காகப் படிவதால், அதன் நடுப்பகுதி முதல் ஆண்டில் மீன் வாழ்ந்த நீரின் தன்மையைக் காத்து வைத்திருக்கிறது. மத்தியதரைக் கடலில் நீர் மிகுதியாக ஆவியாகும்போது இலேசான வகை ஆக்சிஜன் முதலில் வெளியேறி, கனமான வகையான ஆக்சிஜன்-18 நீரில் கூடுகிறது. அங்கே பிறந்த மீனின் கல் இதனால் வேறுபடுகிறது.

மீனை வெட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மேல்தாடையின் நுனியிலிருந்து வால் கவை வரை, உடலின் வளைவை ஒட்டி நாடாவைப் பிடிக்க வேண்டும். அமெரிக்க விதிகளில் 73 அங்குலம், அதாவது சுமார் 185 சென்டிமீட்டர், பெரிய மீனைப் பிரிக்கும் அளவு என்பதால் இதில் கவனக்குறைவு கூடாது. பிடித்த நாளையும் இடத்தின் அட்சத் தீர்க்கத்தையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கரை சேர்ந்தபின் நினைவிலிருந்து எழுதியவை பெரும்பாலும் பயன்படுவதில்லை.

கல்லை எடுக்க, கண்களுக்குச் சற்று மேலே மண்டையோட்டைக் கிடைமட்டமாக அறுத்து மூளையை மெல்ல விலக்கினால், அதன் அடியில் இரு பக்கக் குழிகளிலும் ஒவ்வொரு வெண்ணிறக் கல் தெரியும். ஆளை விடப் பெரிய மீனிலும் அது விரல்நகம் அளவுக்குத்தான் இருக்கும், எளிதில் உடையும். சவ்வை நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, சிறு குப்பியில் வையுங்கள். மாதிரிகளைக் கெடாமல் காக்கப் பயன்படும் ஃபார்மலின் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. அது கல்லை அரித்துவிடும். அறுக்கத் துணிவில்லையெனில் தலையை உறைபெட்டியில் வைத்து, மாதிரி சேகரிக்கும் ஆய்வகத்திடம் ஒப்படைப்பதே நல்லது.

மீனை விடுவிப்பதானால் படகுக்குள் தூக்க வேண்டாம். மெதுவாக நகரும் படகின் ஓரத்தில், செவுள் வழியே நீர் ஓடும்படி பிடித்து, இரண்டாம் முதுகுத்துடுப்பின் அடியில் குறியைப் பொருத்துங்கள். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ஆய்வாளர் ஃபிராங்க் மாதர் 1954-இல் தொடங்கிய குறியிடும் பணி, தூண்டில்காரர்களின் கையால்தான் வளர்ந்தது. ஏற்கெனவே குறியுள்ள மீன் கிடைத்தால், அதில் படிந்த பாசியைக் கத்தியால் சுரண்டாமல் விரலால் துடைத்து, எண்ணை இருமுறை சரிபார்த்து, நீளத்தோடும் இடத்தோடும் சேர்த்து அனுப்புங்கள்.