காய்ச்சல் தணிந்த பின் வரும் மூச்சிரைப்பு: இரத்த உறைவில் மருத்துவர்கள் தவறுமிடங்கள்

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் நோயாளிக் குறிப்புகளைப் படிக்கும்போது, முன்பு நானே எழுதிய வரிகள் வேறொருவர் கையெழுத்தில் திரும்பி வந்திருப்பது போல் தோன்றுகிறது. எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட வைரஸ் தொற்றுக்குப் பின் இரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்பது எல்லோரும் படித்ததுதான். புறநோயாளிகள் வரிசையில் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. ஒரு கால் மட்டும் கண்ணெதிரே வீங்கியிருந்தும் ஸ்கேன் எடுக்காமல் அனுப்புவது போன்ற வெளிப்படையான பிழைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

"காய்ச்சலுக்குப் பிந்தைய அசதிதான்"

இந்த ஒரு வரியின் மீதுதான் எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. முப்பதுகளில் இருந்த, தினமும் ஓடிப் பழகிய ஒருவர், காய்ச்சலில் ஒரு வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தபின், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் வந்தார். எக்ஸ்ரே தெளிவாக இருந்தது; ஆக்சிஜன் அளவு 97. அசதி என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்த அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் இரு நுரையீரல்களின் தமனிகளிலும் அடைப்பு இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

பழைய சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, நாடித்துடிப்பு 112 என்று என் கையாலேயே குறித்திருந்தேன். நுரையீரலை அடைக்கும் கட்டி பெரும்பாலும் கால் சிரையில் உறைந்து, பிய்ந்து வருவது; நானோ காலைக் காட்டச் சொல்லவே இல்லை. மயங்கி வந்தபின் அளந்தபோது, இடது கெண்டைக்கால் மற்றதைவிட 4 செ.மீ. பருத்திருந்தது. நுரையீரல் அடைப்புக்கான சந்தேகத்தை அளக்கும் வெல்ஸ் மதிப்பெண்ணில் 100-ஐத் தாண்டிய துடிப்புக்கு 1.5, மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் கிடந்ததற்கு 1.5, காலின் அறிகுறிக்கு 3. நான்கைத் தாண்டினாலே நேராக ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்றிருக்க, அவருக்கு ஆறு வந்திருக்கும். கூட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

தெளிவான எக்ஸ்ரே இந்த அடைப்பை மறுப்பதில்லை. நிமோனியா போன்ற வேறு காரணங்களைத் தேடத்தான் அது உதவும். இளம் உடல் இழப்பை நெடுநேரம் ஈடுகட்டும் என்பதால், உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு ஏமாற்றும். அவரை நடக்கவைத்துப் பார்த்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கலாம். ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவின் பெயரால் வழங்கும், உறைவுக்கான மூன்று காரணங்களான மந்தமான இரத்த ஓட்டம், குழாய் உட்சுவரின் சேதம், கூடிய உறைதன்மை ஆகியவற்றை ஒரு கடும் வைரஸ் காய்ச்சல் ஒரே வாரத்தில் கூட்டிவிட முடியும்: படுக்கை முதலாவதையும், தொற்றும் அழற்சியும் மற்ற இரண்டையும் கொண்டுவருகின்றன. "ஆரோக்கியமானவர்" என்ற சொல் இவற்றில் எதையும் தடுப்பதில்லை.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பயிற்சி மருத்துவர்கள் இதே வரியை எழுதினார்கள். இரண்டு சீட்டிலும் நாடித்துடிப்புக்கான கட்டம் காலியாக இருந்தது. நானாவது எழுதிவிட்டுப் பார்க்காமல் போனேன்.

டி-டைமரைத் தலைகீழாகப் படித்தல்

டி-டைமர் என்பது உறைந்த கட்டி சிதையும்போது இரத்தத்தில் தோன்றும் புரதத் துணுக்கு; தொற்று, கர்ப்பம், அறுவை சிகிச்சை, முதுமை எல்லாமே அதை உயர்த்தும். சந்தேகம் குறைவாக உள்ளவரிடம் அளவு இயல்பாக இருந்தால் உறைவு இல்லை என்று ஒதுக்கவே அது பயன்படுகிறது. உயர்ந்திருப்பதை மட்டும் வைத்து உறைவு உண்டு என்று உறைவெதிர் மாத்திரை தொடங்குவதும், சந்தேகம் வலுவாக இருக்கும்போது இயல்பான அளவைக் கண்டு ஆறுதல் கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

காய்ச்சல் நின்றதும் கணக்கை மூடுதல்

2022-இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வில், கோவிட்-19-க்குப் பின் கால் சிரை உறைவின் அபாயம் மூன்று மாதங்கள் வரையிலும், நுரையீரல் அடைப்பின் அபாயம் ஆறு மாதங்கள் வரையிலும் கூடியிருந்தது. தனி மனிதருக்கு அந்த அபாயம் சிறியதே, ஆயினும் "அண்மையில் காய்ச்சல் வந்ததா?" என்ற கேள்வி கடந்த வாரத்தோடு நின்றுவிடக் கூடாது.

சிறுவர்களுக்கு வராது என்பது

வரும், அரிதாக. சின்னம்மைக்குப் பின், இரத்தம் மிகையாக உறையாமல் காக்கும் புரதம் எஸ்-க்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகி உறைவு ஏற்படுவது அறியப்பட்ட ஒன்று.

முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின்

வேண்டாம். அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை வரவழைத்தது போலாகும்.

நலமானதும் மாத்திரையை நிறுத்துதல்

உறைவெதிர் மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. வளரவிடாமல் தடுக்கிறது, கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்கிறது. பொதுவாகக் குறைந்தது மூன்று மாதங்கள் தொடர வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். என் நோயாளி ஐந்தாம் வாரத்திலேயே மீண்டும் ஓடத் தொடங்கி, இனி மாத்திரை எதற்கு என்று கேட்டார். இந்த முறை அவருடைய நாடியைப் பிடித்து எண்ணிய பிறகே பதில் சொன்னேன்.