யோயோவைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்

கடையில் வாங்கின யோயோ இரண்டு தடவை மேலே வந்துவிட்டு, அப்புறம் நூல் நுனியில் செத்த எலி மாதிரி தொங்குகிறதா? முதலில் நடுத்தண்டைப் பாருங்கள். நூலை அதில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்களா, இல்லை சும்மா வளையமாக மாட்டியிருக்கிறார்களா?

கட்டியிருந்தால் அது கீழே நின்று சுற்றாது, ஏறி இறங்க மட்டும்தான் செய்யும். பலர் நினைப்பதுபோல் கீழே போனதும் யோயோ 'திரும்பிச் சுற்றுவது' கிடையாது. அதே திசையில்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நூல் தண்டின் மறுபக்கம் போய்ச் சுற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் உராய்விலும் கீழே விழும் வெட்டிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடும், அதை உங்கள் கைதான் ஈடுகட்ட வேண்டும். நூல் முழுதாக அவிழப் போகிற நேரத்தில் கையை லேசாக மேலே தூக்குங்கள். நூலில் இழுவிசை அதிகமாக இருப்பது அப்போதுதான், அதனால் சின்னத் தூக்கலே போதும். யோயோ ஏற ஆரம்பித்த பிறகு இழுத்துப் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 56 மி.மீ. விட்டமுள்ள சீரான வட்டு, 8 மி.மீ. தண்டு, நூலின் தடிமனை விட்டுவிடுவோம். வீசாமல் சும்மா கையை விட்டால் ஒரு மீட்டர் இறங்க 2.3 நொடி ஆகும், அதே உயரத்திலிருந்து ஒரு கல் 0.45 நொடியில் விழுந்துவிடும். ஆற்றலில் சுமார் 96 சதவீதம் சுழற்சிக்கே போய்விடுவதால்தான் இந்த மந்தம். கீழே வரும்போது வட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்! எடை விளிம்பில் இருந்தால் இன்னும் நல்லது, நல்ல உலோக யோயோக்களில் ஓரம் தடித்திருப்பது அழகுக்காக இல்லை.

சரி, வளைய நூலுக்கு வருவோம். பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ ஃபுளோரெஸ் 1928-இல் கலிஃபோர்னியாவில் செய்து விற்றது இந்த மாதிரி யோயோதான். நூல் தண்டை வளையமாகத் தழுவி நிற்பதால், முழுதாக அவிழ்ந்த பிறகும் தண்டு வளையத்துக்குள் வழுக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதைத்தான் தூங்குவது என்கிறார்கள்.

நூலைத் தொப்புள் உயரத்துக்கு வெட்டிச் சுருக்கு போட்டு நடுவிரலில் மாட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, புஜத்தைக் காட்டுகிற மாதிரி முழங்கையை மடக்கி, யோயோவின் மேல்பக்கமாக நூல் விரலுக்கு வரும்படி பிடித்து, நேராகக் கீழே வீசுங்கள். வீசியதும் கையைத் தளர விடுங்கள். இங்கேதான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், கீழே போகும்போது பதறி இழுத்துவிடுவதால் அது தூங்காமலேயே ஏறிவிடுகிறது. சாய்வாக வீசினாலும் காரியம் கெடும். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் போல யோயோவும் தன் அச்சுத் திசையை விடாது, நீங்கள் சாய்த்து வீசினால் சாய்ந்தபடியே சுற்றி, நூலில் உரசி, சீக்கிரம் அடங்கிவிடும்.

எழுப்ப ஒரு சுண்டு போதும். சுண்டினால் யோயோ லேசாக மேலே எகிறும், நூல் ஒரு கணம் தொய்யும், தொய்ந்த நூலைச் சுழலும் தண்டு வாரிச் சுற்றிக்கொள்ளும். ஓரிரு சுற்று ஏறிவிட்டால் அப்புறம் வழுக்காது. முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் பிடிக்கிறோமே, அதே உராய்வுக் கணக்குதான்.

சுண்டியும் வரவில்லையென்றால் நூலின் முறுக்கு தளர்ந்திருக்கும். யோயோவைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் திருகிவிட்டால் வழக்கமான யோயோ நூலில் வளையம் இறுகும். தூங்கவே மாட்டேன் என்றால் எதிர்த்திசையில் திருகுங்கள். பேரிங் வைத்த புது மாதிரிகளில் பல, எவ்வளவு சுண்டினாலும் வராது, அவற்றை மேலே ஏற்றத் தனி வித்தை இருக்கிறது. முதல் யோயோவாக அதை வாங்கிவிடாதீர்கள்.