பழவேற்காட்டுப் பறவைகளுக்கு பைனாகுலர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழவேற்காடு ஏரியில் பூநாரை இறங்கிவிட்டது என்ற செய்தி பரவினால் போதும், டிசம்பர், ஜனவரி ஞாயிறுகளில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா என்று வண்டிகள் ஆந்திர எல்லையைத் தாண்டிச் சூலூர்பேட்டைக்குத் திரும்பும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே ஒரு சாலை போகிறது. வண்டியை ஓரங்கட்டினால் இரண்டு பக்கமும் தண்ணீர். பறவைகளும் இருக்கும், ஆனால் கிட்டத்தில் இருக்காது. அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், சில நாள் அதற்கும் அப்பால், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டில் கழுத்தும் காலும் அலகும் தெரிய வேண்டும் என்றுதான் பைனாகுலர் வாங்குகிறோம். வாங்கியவர்களில் பலர் அடுத்த முறை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இந்த ஏரிக்குப் பொருந்தாததை வாங்கிவிட்டால் அப்படித்தான் ஆகும்.

பெரும்பாலும் தவறு எண்ணில் தொடங்குகிறது. பைனாகுலர் மேல் 8×42, 10×50 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஆயிரம் மீட்டர் தள்ளி நிற்கும் பறவை 8 மடங்கில் 125 மீட்டரில் நிற்பது போலத் தெரியும், 10 மடங்கில் 100 மீட்டர், 20 மடங்கில் 50 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் 20 மடங்கை விட்டுவிட்டு 8 மடங்கை வாங்க யாருக்கு மனசு வரும்? "இது நாற்பது மடங்கு அண்ணா, நிலாவே தெரியும்" என்று கடைக்காரர் வேறு சொல்வார். நிலா வெறுங்கண்ணுக்கே தெரியும்.

உருவத்தைப் பெரிதாக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். 8 மடங்கைப் பெரும்பாலானவர்கள் கையில் நிலையாகப் பிடித்துவிடலாம். 10 மடங்கும் பழகினால் வரும். 12க்கு மேல் போனால், கடல் காற்று அடிக்கும் அந்தச் சாலையில், பூநாரை தந்தி அடிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். அலகின் நுனி கருப்பா சிவப்பா என்று ஒரு நொடி நிறுத்திப் பார்க்க முடியாது. ஆடும் 16 மடங்கைவிட ஆடாத 8 மடங்கில் விவரம் கூடுதலாகத் தெரியும்.

மடங்கு ஏறினால் பார்வைப்பரப்பும் சுருங்கும். சாதாரண 8×42 ஒன்றில் ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். 10×42இல் அது 110 மீட்டரை ஒட்டி வந்துவிடும். மரமோ பாறையோ இல்லாத வெற்று நீர்ப்பரப்பில் இது பெரிய விஷயம். "அந்தப் பனைமரத்துக்கு இடது பக்கம்" என்று அடையாளம் சொல்ல அங்கே எதுவும் இல்லை. பரப்பு குறுகினால் பறவையைத் தேடியே நேரம் போய்விடும். பறக்கும் ஆலாவைப் பின்தொடர்வதை மறந்துவிடலாம்.

10இலிருந்து 30, 20இலிருந்து 180 என்று ஜூம் ஆகும் பைனாகுலர்கள் மலிவாக விற்கின்றன. விலகிப் போங்கள். இரண்டு குழாயும் எல்லா மடங்கிலும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி செய்வது கடினம், மலிவு விலையில் அது நடப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் தலைவலிதான் மிச்சம்.

இந்த ஏரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆழமில்லாத உவர்நீர், வற்றிய இடமெல்லாம் சேறு. வெயில் ஏற ஏறச் சேறு சூடாகி, அதன் மேல் இருக்கும் காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு வெப்பத்தில் கொதிக்கத் தொடங்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒளியை வேறு மாதிரி வளைக்கும். இதைத்தான் கானல் என்கிறோம். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பறவை நெளிய ஆரம்பிக்கும். கால்கள் தண்ணீரில் கரைந்தது போல இருக்கும். அந்த நேரத்தில் லட்ச ரூபாய்க் கருவியும் காற்றைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அப்போது மடங்கைக் கூட்டினால் மங்கல்தான் பெரிதாகும். குறைத்தால் உருவம் சிறிதானாலும் கொஞ்சம் துல்லியமாகும். கருவி சரியில்லை என்று இன்னும் விலை கூடியதை வாங்கப் போகிறவர்கள் முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்து பார்க்கலாம்: விடியலில் அங்கே போய் நிற்பது.

ஒளியின் திசையையும் யாரும் யோசிப்பதில்லை. சூலூர்பேட்டைச் சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சாலையின் தென்பக்கம் பார்த்தால் எல்லாப் பறவையும் கருநிழல். வடபக்கம் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் வந்து நிறம் அப்படியே தெரியும். பெரிய பூநாரைக்கு அலகு ரோஜா நிறத்தில் இருந்து நுனி மட்டும் கருப்பு. சிறிய பூநாரைக்கு அலகு முழுவதும் அடர்ந்த கருஞ்சிவப்பு. இரண்டும் கலந்து நிற்கும் கூட்டத்தில் பிரித்தறிய நிறம் வேண்டும், நிறத்துக்கு வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து வர வேண்டும்.

விடியலில் போகச் சொன்னேன் அல்லவா, அங்கேதான் இரண்டாவது எண் வேலைக்கு வருகிறது. லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42இல் 5.25 மில்லிமீட்டர், 10×42இல் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 10×25இல் வெறும் 2.5. நல்ல வெயிலில் கண்ணின் பாப்பா இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் சிறியதும் பெரியதும் ஒன்று போலத்தான் தெரியும். கடையில் பகல் வெளிச்சத்தில் சோதிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். அரையிருட்டில் பாப்பா விரியும்போது 2.5 மில்லிமீட்டர் போதாது, படம் மங்கிவிடும். சின்ன பைனாகுலர் கெட்டதல்ல, மலையேறுகிறவர்களுக்கு நல்லது. காரில் வந்து கரையில் நிற்பவர் சில நூறு கிராம் கனத்துக்குப் பயந்து அதை வாங்குவதில் அர்த்தமில்லை. என்னைக் கேட்டால் முதல் பைனாகுலர் 8×42. தூரம்தான் முக்கியம் என்று பிடிவாதமாக இருப்பவர் 10×42 வரை போகலாம்.

கடையில் வாங்கும் முன் செய்து பார்க்கச் சில சோதனைகள். பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தை வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறத்தில் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே இருக்கும் பட்டகத்தில் மலிவுக் கண்ணாடி. வானத்துக்கு எதிரே உள்ள மின்கம்பியைப் பாருங்கள், ஓரத்தில் ஊதா நிறம் வழிகிறதா என்று. பக்கத்திலுள்ள நேலப்பட்டுப் பறவைச் சரணாலயத்தில் கூழைக்கடா வானத்தில் வட்டமடிக்கும்போது அந்த ஊதா இன்னும் மோசமாகத் தெரியும். முன்லென்ஸ் மாணிக்கக் கல் போலச் செக்கச்செவேலென்று மின்னினால் பலருக்குப் பிடித்துப்போகிறது. அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் லென்ஸ் சிவப்பாக இருக்கிறது. மிஞ்சுவது பச்சையடித்த படம். ரோஜா நிறப் பறவையைப் பார்க்க வந்தவருக்கு இதைவிடப் பொருந்தாத கருவி கிடையாது. எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருப்பதை 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று எழுதியிருப்பார்கள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப் என்ற அளவைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கண்லென்ஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழுப் படமும் தெரியும் என்பது அந்த அளவு. 15, 16 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கண்ணாடியோடு பார்க்கும்போது நடுவில் ஒரு வட்டம் மட்டுமே கிடைக்கும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் கிண்ணத்தைக் கீழே திருகிவிட்டுப் பார்க்க வேண்டும், போடாதவர்கள் மேலே இழுத்துவிட்டு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "கருப்பு கருப்பாகத் தெரிகிறது" என்று சொல்பவர்களைச் சாலையில் நிறையப் பார்க்கலாம். அப்புறம், பெரும்பாலும் வலது கண்லென்ஸில் இருக்கும் டயாப்டர் வளையம், இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்வது. வலது பக்கத்தை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் துல்லியமாக்குங்கள். பிறகு இடதை மூடி, அதே பொருளை வலது கண்ணால் பார்த்து அந்த வளையத்தை மட்டும் திருகுங்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு முறை செய்தால் போதும். இதைத் தொடாமலே வருஷக் கணக்கில் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விசித்திரமான பழக்கம். தூரப் பார்வைக்கு நல்லது என்று ரைஃபிள் ஸ்கோப்பை இணையத்தில் வாங்கி வருகிறார்கள் சிலர். வெளிநாடுகளில் நெடுந்தூர வேட்டைக்கு அதைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. இங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது, துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்களுக்குத்தான் அது பயன்படும். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது கண்ணில் படாமலிருக்க, கண்ணை ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளி வைக்கும்படி அதைச் செய்திருப்பார்கள். பார்வைப்பரப்பு அதே மடங்கு பைனாகுலரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நடுவில் சிலுவைக் கோடு வேறு. ஒற்றைக் கண்ணால் பார்த்துக் களைத்தும் போவீர்கள். அது போதாதென்று, பறவைச் சரணாலயத்தில் கையில் ரைஃபிள் ஸ்கோப்போடு நின்றால் வனக் காவலருக்கு விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

8 மடங்கில் பார்த்து அலுத்துப்போய், தூரத்துச் சேற்றில் நிற்கும் நீள அலகுக் கரைப்பறவை கருவால் மூக்கனா குதிரைமலைக் கோட்டானா என்று பிரித்துப் பார்க்கும் ஆசை வந்த பிறகு, டிரைபாடில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் பக்கம் போகலாம். 20இலிருந்து 60 மடங்கு, 65 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ் என்பது வழக்கமான அளவு. இங்கே நடக்கும் பெரிய தவறு, காசு முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, செல்போன் மாட்டும் லேசான டிரைபாடில் அதை நிறுத்துவது. கடல் காற்றில் அது நிற்காது. கனமான டிரைபாடை வாங்கி, நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களைக் குட்டையாக வைத்து, தண்டின் கீழே பையைத் தொங்கவிடுங்கள். 60 மடங்கைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 80 மில்லிமீட்டர் லென்ஸிலேயே அப்போது ஒளிவட்டம் 1.3 மில்லிமீட்டர்தான். பெரும்பாலான நேரம் 25, 30இல்தான் வைத்திருப்பீர்கள். குழந்தைகள், பெரியவர்கள் என்று குடும்பமாக வருகிறவர்களுக்குக் கண் பகுதி சாய்வாக இருக்கும் ஸ்கோப் வசதி, ஆளுக்கு ஆள் உயரத்தை மாற்ற வேண்டியதில்லை. காருக்குள்ளிருந்தே பார்ப்பவர்களுக்கு நேர்க்குழாய் நல்லது.

படகில் கிட்டப் போய்விட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து பலர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. படகு நெருங்கினால் இரை தேடும் கூட்டம் எழுந்து பறந்துவிடும், பறவைக்கும் வீண் அலைச்சல். கரையிலிருந்தே பாருங்கள். ராக்கெட் ஏவும் நாளில் பார்க்க வருகிறவர்களுக்கும் இதே 8 மடங்கு போதும், வேகமாக ஏறுவதைப் பின்தொடரப் பரந்த பார்வைதான் தேவை. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள், ஒரு கணம் போதும் விழித்திரை கருக. ஸ்ரீஹரிகோட்டா சோதனைச் சாவடிப் பக்கமும் எதையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. பத்து, பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி உருப்படியான 8×42 கிடைத்துவிடும். தண்ணீர் புகாதது, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்று பார்த்து வாங்குங்கள். வங்காள விரிகுடாக் காற்றின் ஈரம் உள்ளே போனால் லென்ஸில் பூஞ்சை வலை பின்னிவிடும். ஏரியிலிருந்து திரும்பியதும் லென்ஸில் உப்பும் மணலும் படிந்திருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். முதலில் காற்றுப் பந்தால் ஊதி மணலை விலக்கி, பிறகு லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதும் பூஞ்சைக்கு விருந்துதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஜா நிறமாகிவிட்டால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று பொருள், சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும்.