மே மாதத்தில் மலையில் வீடு பார்க்காதீர்கள்

ஆசிரியர் கவுன்சிலிங்கில் நீலகிரி என்று வந்ததும் ஊரில் எல்லோரும் கைகொடுத்தார்கள். "சம்பளத்தோட ஊட்டியில இருக்கப் போற, கொடுத்து வச்சவன்டா" என்றார் மாமா. நான் வேதாரண்யத்துக்காரன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கொல்லைத் தென்னைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவன். மழை, காற்று பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிரோடுதான் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினேன். அந்தத் திமிருக்கு விலை ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ். பணத்தோடு போனதே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வருடமும் மாற்றலில் வந்த மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சார், எவ்வளவு குளிரும்?" கேள்வியே தப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் காகித வேலைகள். ஆதார் முகவரி, காஸ் இணைப்பு, பிள்ளைகளின் டி.சி. எல்லாம் ஊரில் எப்படியோ இங்கேயும் அப்படியே. புதிது என்றால் இ-பாஸ் ஒன்றுதான். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும்; பொங்கலுக்குக் காரில் கிளம்பும் மச்சானிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்றும் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். ஆபத்துக்கு 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. சரி, முடிந்தது.

இப்போது வானிலை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு முகம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஐப்பசி பிறந்ததும் காற்று திசை மாறி, நம் வங்கக்கடல் ஈரம் கிழக்குச் சரிவில் ஏறுகிறது. அடைமழை அப்போது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே நாகப்பட்டினத்துக்கு நேரே காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால், அது ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் வந்த செய்தி என்று நினைக்காதீர்கள். மலை ரயிலை நிறுத்துவார்கள், பர்லியார் வழியில் மரம் விழும். அந்த இரண்டு நாளும் கீழே இறங்காமல் இருந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வித்தை மழை விட்ட பிறகுதான் இருக்கிறது. கடற்கரையில் புயல் கடந்து வானம் வெளுத்தால் அப்பாடா என்று கொடியில் துணி போடுவோம். இங்கே நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்து, காற்று அடங்கி, ராத்திரி ஒரு மேகம்கூட இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரர் செடிகளை மூடச் சாக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். மேகம் என்பது நிலத்துக்குப் போர்வை. அது விலகினால் பகலில் வாங்கிய சூடெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வானத்துக்குப் போய்விடும். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. டி.வி.யில் குறைந்தபட்சம் 5 டிகிரி என்பார்கள், வாசல் புல் வெள்ளையாக நிற்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அளவு நெஞ்சு உயரத்தில் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியில் எடுப்பது. தரையில் அதைவிடச் சில டிகிரி குறைவு.

அதனால்தான் "எவ்வளவு குளிரும்" என்பது தப்பான கேள்வி. கேட்க வேண்டியது, "எங்கே குளிரும்". குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் என்று ஒவ்வொரு வருடமும் உறைபனிப் படம் வருகிற இடங்களைப் பாருங்கள். ஐம்பதடி மேலே இருக்கும் வீட்டில் புல் பச்சையாக இருக்கும்போது கீழே பைக் சீட் வெள்ளையாக இருக்கும். இந்த மலையின் படுகர் மக்களுடைய பழைய ஹட்டிகள், அதாவது ஊர்கள், பெரும்பாலும் சரிவில் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது. உறைத்தபோது ஜனவரி ஆகியிருந்தது.

நான் வீடு பார்த்தது மே மாதம். மலர்க் கண்காட்சி நேரம், ஊரே பூ. புரோக்கர் ஒரு பள்ளத்து வீட்டைக் காட்டினார். முன்னால் ஓடை, பின்னால் யூகலிப்டஸ், முற்றம் முழுக்க வெயில். மேட்டு வீடுகளுக்கு ஒன்பதாயிரத்து ஐநூறு கேட்டார்கள், இது ஏழாயிரம். மனைவி ஓடையைப் பார்த்தாள், நான் வாடகையைப் பார்த்தேன். மே மாதத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும் என்பதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. டிசம்பரில் அது தெற்கே சாய்ந்துவிடும். அந்த வீட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் மலை. காலை ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்த வெயில் மதியம் இரண்டரைக்குப் போய்விடும். அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது, துணியெல்லாம் பூஞ்சை வாடை, வெளிக்குழாயில் காலையில் தண்ணீர் வராது. பெண்ணுக்கு வீசிங்.

கனடாவில் இருக்கும் என் தம்பி சிரித்தான். "இங்க மைனஸ் 20ண்ணே." அவன் வீட்டுக்குள் எப்போதும் 21 என்பதை அவன் சொல்லவில்லை. என் வீட்டில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்.

டிசம்பர் கடைசி வாரம் ஒரு ராத்திரி, தாங்க முடியாமல், இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டுக் கனிய வைத்து படுக்கையறைக்குள் கொண்டுவந்தேன். ஜன்னல் சந்துகளில் பழைய புடவையைக் கிழித்து அடைத்திருந்தோம். கதவுக்கடியிலும் ஒரு துண்டு. எவ்வளவு கச்சிதமாக அடைத்தோம் என்று பெருமை வேறு. புகையே இல்லை, இதமான சூடு. பதினொரு மணிக்கு மேல் பெண் எழுந்து வாந்தி எடுத்தாள். மனைவி தலை பிளக்கிறது என்றாள். நான் எழுந்து நின்றேன், கால் என் சொல் கேட்கவில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்கு வெந்நீர் வைக்கலாம் என்று மனைவி கதவைத் திறந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சட்டியைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், வாத்தியாரு நீங்க, கணப்பை உள்ளே வச்சுக் கதவைச் சாத்துவீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிப் படுத்து எழுந்திருக்காதவர்கள் உண்டு. கணப்பு வாசலில்தான். உள்ளே மின்சார ஹீட்டர். 2000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட், பில்லைப் பார்த்து வயிறு எரியட்டும், பரவாயில்லை.

ஜனவரியில் காலி செய்தோம். பதினொரு மாத ஒப்பந்தம் முடியவில்லை, சுவர் பாழாகிவிட்டது என்று வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பவில்லை. சுவரை நானா பாழாக்கினேன்? விடுங்கள், பேசினால் இன்னும் எரிச்சல்.

மே மாதம்தான் வீடு தேட முடியும் என்றால் ஒன்று செய்யுங்கள். புரோக்கரை அனுப்பிவிட்டு, அந்தத் தெருவில் டீக்கடைக்காரரிடம் "மார்கழியில் இந்த வீட்டுக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். அலமாரியை நகர்த்திச் சுவரைத் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் வாடை அடித்தால் சந்தேகப்படுங்கள். அதற்காக மேடு என்று எதையும் பிடித்துவிடவும் கூடாது. பின்சுவரை ஒட்டி மண்ணை நேர்க்குத்தாக வெட்டியிருந்தால் ஐப்பசியில் தூக்கம் வராது.

சமையலறையும் கொஞ்சம் மாறும். தேங்காய் எண்ணெய் எப்போதும் கட்டி. இட்லி மாவு புளிக்க இரண்டு நாள் கேட்கும், கம்பளி சுற்றி அரிசி டின்னுக்குள் வையுங்கள். ஊட்டி உயரம் 2240 மீட்டர், தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று காத்திருக்காதீர்கள், குக்கர்தான்.

இப்போது இருப்பது மேட்டு வீடு, ஒன்பதாயிரத்து ஐநூறுதான். காலை ஏழேகாலுக்கு சமையலறைச் சுவரில் வெயில் விழும், எண்ணெய் பாட்டிலை அங்கே வைப்போம். நேற்று ராத்திரி அம்மா போன் செய்தார். கோடியக்கரையில் மூன்று நாளாக மழையாம்.

"அங்க எப்படிப்பா?"

"மழை விட்டுடுச்சும்மா. வானம் சுத்தமா இருக்கு."

"நல்லதாப் போச்சு" என்றார். போனை வைத்துவிட்டு, ரோஜாத் தொட்டிகள் மேல் சாக்குப் போடப் போனேன்.